கல்லறைச் சரிவுக் கீரை

மடுல்சீமை மலைமுகடுகளினின்று இறங்கிய மூடுபனி, தேயிலைச் சரிவுகளை ஒவ்வொன்றாய் விழுங்கி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் தகரக் கூரைகள்மேல் ஈரமாய்ப் படிந்து, புகையெழாத அடுப்புகளையுடைய அக்குடியிருப்பை உலகின் கண்ணுக்கு மறைத்துக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. அரிசியும் மாவும் அருகிப்போக, மலைநாட்டு மக்கள் காட்டிலைகளைத் தின்று உயிர்தாங்கிய பஞ்சகாலம்.

கொழுந்து பறிக்கும் றோசாலி, தன் பங்கையெல்லாம் பிள்ளைக்கு ஒதுக்கி ஒதுக்கியே மெலிந்து மடிந்த கணவன் இராயப்பனை அண்மையில்தான் மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். எஞ்சிய ஒரே மகள் மரியகொரட்டியோ, அந்தி சாய்ந்ததும் சுவரைத் தடவித் தடவி நடக்கலானாள். பதுளை மருத்துவமனையில் அவள் இமைகளை விரித்துப் பார்த்த மருத்துவர், "மாலைக்கண். என்ன கீரை குடுக்கிறீங்க?" என்று வினவினார்.

"ஓடைக்கரைக் குப்பைக்கீரைங்க. மர நிழல்ல நல்லா உசரமா வளருதுங்க."

"நிழல்ல வெளுத்த கீரையில கண்ணுக்கு வேண்டிய சத்து கொறைவும்மா. வெயில்ல நின்னு கறுத்ததாப் பறிச்சு, துளி எண்ணெ விட்டுக் குடுங்க."

வெயில் விழும் இடமெல்லாம் தேயிலை நின்றது. எஞ்சிய வரப்புகளைப் பசித்த கைகள் முன்னரே மொட்டையாக்கியிருந்தன. எவரும் தொடாதிருந்தது கல்லறைச் சரிவொன்றே.

"அடியே, செத்தவங்க மேல மொளச்சதையா பறிக்கப் போற?" என்று பதறினாள் லயத்தின் பக்கத்து அறையான காம்பிராவில் குடியிருந்த பெரியாயி.

"உசுரோட இருந்தப்பவும் அவரு புள்ளைக்குத்தான குடுத்தாரு அக்கா!"

இராயப்பன் குழியின்மேல் கீரை கரும்பச்சை பாய்ந்து, தடித்து, செழித்து நின்றது. அவள் இழுத்தபோது, அடியிலிருந்து எவரோ பற்றிப் பிடித்திருந்து, பின் மனமிசைந்து விட்டுக்கொடுத்ததுபோல் வேர் நெகிழ்ந்து வந்தது. அதை மகளுக்கு ஊட்டினாள். தன் தொண்டையோ அதனை ஏற்க மறுத்தமையால், தான் ஓடைக்கரைக் கீரையையே உண்டு வந்தாள்.

கிழமைகள் சில கழிந்தபின், ஒரு மாலை, வாசலில் நின்ற சிறுமி கூவினாள்: "அம்மா, கல்லறை மேட்டுல யாரோ நின்னு நம்மளையே பாக்குறாங்க!"

றோசாலி திரும்பினாள்; எங்கும் இருளாகவே இருந்தது. "இந்த இருட்டுல ஒனக்கு எப்படிடி தெரியுது?"

"இன்னும் வெளிச்சம் இருக்கேம்மா."

தாயின் கை சுவரைத் தேடித் தடவிற்று. மகள் அவள் கையைப் பற்றி உள்ளே நடத்திச் சென்றாள்.

அன்பு எத்துணைப் பெரிதாயினும், வெயில் காணாத இலைக்குள் அது ஒளியை ஊட்டிவிட வல்லதன்று. மறுநாள் றோசாலி அச்சரிவில் இருவருக்கும் பறித்தாள். கண்ணீர் வழிய வழிய விழுங்கினாள். மேட்டில் நின்றவர் எவரென அறிய நாள்தோறும் அந்தியில் வாசலில் வந்து நின்றாள். அவள் கண் தெளிந்த மாலையில், அங்கே எவருமில்லை.