இடது பக்கத்துப் படி

காணை கிராமத்துத் தாண்டவராயனுக்குச் சந்தேகம் என்பது வியாதி இல்லை, வேலை. பால் கறந்து கொண்டுவந்தால் சொம்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். கரும்பு வெட்ட ஆள் வந்தால் கரும்பைப் பார்க்க மாட்டார், ஆளின் துண்டு முடிச்சைப் பார்ப்பார். எதிர்வீட்டு வெங்கடாசலம், பாவம், வாய் சும்மா இருக்காமல் “வண்டி நல்லா ஓடுதா?” என்று கேட்டுவிட்டால் போச்சு. அந்த ஆளுக்கு வயிறு எரிகிறது என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்புக்கு உப்புச் சுற்றிப் போட ஏற்பாடு செய்திருந்தார்.

ஜீப்பு ஏலத்தில் எடுத்தது. கல்யாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு விடுவார். வாடகைக்குப் போகிற வண்டியில் முதலாளியும் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்து போவதைத் தென்னாற்காடு ஜில்லாவிலேயே அவரிடம்தான் பார்க்கலாம். டிரைவரை நம்பி எப்படி அனுப்புவது? அவருக்கோ ஓட்டத் தெரியாது. வந்த டிரைவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலைத்தவன் இருதயராஜ் ஒருவன்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், மற்ற நேரம் ரோட்டைப் பார்ப்பான். வீட்டு வாசலைத் தாண்டி அவன் உள்ளே வந்ததில்லை, வா என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஜீப்பின் முன்சீட்டில் மட்டும் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்காருவார்கள். பெருமழையில் பாலத்தின் மேல் தண்ணீர் போனபோது, முதலாளியின் மனைவி கிருஷ்ணவேணியை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். தாண்டவராயன் அதை மறந்தவர் இல்லை. தனக்கென்று ஒரு மனுஷன் இருக்கிறான் என்றால் அது இவன்தான் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும். வெளியே சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகையில், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஜீப்பு நின்றது. தாண்டவராயன் பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். பக்கவாட்டில் ஓடும் படியில், அதாவது புட்போர்டில், காலை வைத்தார். கால் நிற்கவில்லை, தகட்டைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. வேட்டி கிழிந்தது, ரத்தம் வந்தது, மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெண் வீட்டுப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ஊர் போய்ச் சேரும்வரை அவர் காதில் இருந்தது.

படியை ஒட்டுவதா கழற்றுவதா என்பது அடுத்த கேள்வி. விழுப்புரத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் இருதயராஜுக்குத் தெரிந்தவர்கள், அவனோடு கூட்டு சேர்ந்து நல்ல தகட்டையும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று தாண்டவராயன் கணக்குப் போட்டார். அதனால் திண்டிவனம் போவோம் என்றார். சரிங்க என்றான் அவன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருந்த பச்சைமுத்துவின் வெல்டிங் பட்டறையில் ஜீப்பு நின்றது. தாண்டவராயன் முதல் காரியமாக இருதயராஜை டீ குடிக்க அனுப்பினார்.

பச்சைமுத்து வாய்க்காரன். சுத்தியலால் வலது படியைத் தட்டினான், டங்கென்றது. இடது படியைத் தட்டினான், துரு பொலபொலவென்று கொட்டியது. மேலே துண்டுத் தகடு வைத்து ஒட்ட முடியாது, பற்றவைக்கப் பிடிமானமே இல்லை, தாங்கிக் கம்பியும் போய்விட்டது, அறுத்துத்தான் எடுக்கணும் என்றான். பிறகு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

“இது மழையில புடிச்ச துரு இல்லீங்க. உப்பு தின்னது. உப்பளத்து லோடு வண்டிங்கள தெனம் பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? மூட்டைய இந்தப் பக்கம் படியில வெச்சிக் கட்டியிருக்காங்க. ஒழுகிக்கினே போயிருக்கு.”

தன் வண்டி உப்பளம் பக்கமே போனதில்லை என்றார் தாண்டவராயன்.

“நீங்க போயிருக்க மாட்டீங்க” என்று பச்சைமுத்து சிரித்தான்.

தாண்டவராயன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். இருதயராஜுக்குப் பெண் கொடுத்த ஊர் மரக்காணம். மச்சான் உப்பளத்தில் வேலை. அப்புறம் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஐப்பசியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது வண்டி தனியாகப் புதுச்சேரி சவாரி போனது. பஞ்சர் என்று தாமதமாக வந்தான். வண்டிக்குள் கீழே மணல் கிடந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், ஏமாந்துவிட்டோம் என்று தன்னையே வைதுகொண்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. இவனுமா என்று இருந்தது.

பச்சைமுத்து காஸ் வைத்து இடது படியை அறுத்து எடுத்தான். புதுசு அடித்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றான். பழைய படியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றதற்குத் தாண்டவராயன் ஒப்பவில்லை. சாக்கில் சுற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டார். சாட்சி ஆயிற்றே.

படி இல்லாத ஜீப்பில் ஏற அவருக்கு உயரம் பற்றவில்லை. இருதயராஜ் கை கொடுத்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார். மரக்காணம் போனாயா? மாதா கோயில் திருவிழாவுக்குப் போனேங்க, பஸ்ஸில. வண்டியில் போகவில்லையா? இல்லீங்க. மச்சான் உப்பளத்தில்தானே இருக்கிறான்? ஆமாங்க. அவ்வளவுதான். ஏன் கேட்கிறீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள், குற்றம் செய்யாதவன் கேட்டிருக்க மாட்டானா என்று தாண்டவராயன் நினைத்தார். அவன் பார்க்காத நேரம் தன் பக்கத்துக் கதவோரம் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். கரித்தது.

காணை வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வாசலில் சாக்கைப் பிரித்துப் படியைத் தடாலென்று போட்டார். சத்தம் கேட்டுக் கிருஷ்ணவேணி வாசற்படிக்கு வந்தாள். எதிர்வீட்டு வெங்கடாசலமும் எழுந்து நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று தாண்டவராயன் குரலை உயர்த்தினார்.

“என் வண்டியில உப்பு மூட்ட ஏத்தியிருக்கே. உன் மச்சானுக்கு லோடு அடிச்சிருக்கே. படியத் தின்னது மழை இல்ல, உப்புன்னு வெல்டரு நாக்குல வெச்சிப் பாத்துச் சொல்லிட்டான். இன்னும் என்னென்ன தின்னே, சொல்லு.”

இருதயராஜ் கீழே கிடந்த படியைக் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கிருஷ்ணவேணியைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். சாவியை பானட்டின் மேல் வைத்தான். முன்கண்ணாடி ஓரத்தில், முதலாளியின் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை நகத்தால் கிழியாமல் உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. இதைவிட என்ன ருசு வேண்டும் என்று தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கிருஷ்ணவேணி உள்ளே போய் ஒரு கை கல்லுப்பும் சொம்பில் தண்ணீரும் எடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, கண்பட்டுத்தானே படியே உடைந்தது, ஏறி உட்காருங்க என்றாள். அவருக்கும் அது இப்போது தேவையாகத்தான் இருந்தது. தொங்கி ஏறித் தன் இடத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அவள் ஜீப்பையும் அவரையும் சேர்த்து மூன்று முறை சுற்றினாள். உப்பைச் சொம்பில் போட்டுக் கரைத்தாள். இடது பக்கம் வந்து, வழக்கம்போலச் சொம்பைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள்.

“படியக் காணோமே. எங்கங்க ஊத்தறது?”

மற்றவர்கள் உப்புத் தண்ணீரைத் தெரு முனையில் ஊற்றுவார்கள். தெருவில் ஊற்றினால் எதிர்வீட்டுக்காரன் பார்த்து மாற்று மந்திரம் செய்துவிடுவான், நான் மிதித்து ஏறுகிற படியிலேயே ஊற்று, பொறாமைக்காரன் எவன் ஏறினாலும் அவனுக்கே திரும்பட்டும் என்று சொன்னவர் தாண்டவராயன்தான். ஜீப்பு வந்த நாளிலிருந்து, மழையோ வெயிலோ, ஒரு வெள்ளி தவறாமல் அவள் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது கண் திறந்திருந்தது. கீழே கிடந்த தகட்டைப் பார்த்தார், அவள் கைச் சொம்பைப் பார்த்தார். படி இருக்கிற நினைப்பில் காலை வைத்து, இல்லாமல் குப்புற விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் இருதயராஜ் நின்றுகொண்டிருந்தான். தாண்டவராயனுக்கு மூச்சு இரைத்தது. தப்பு என் மேல்தான், உப்பை ஊற்ற வைத்தவனே நான்தான், வண்டிக்கு வா என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை.

“தெரியுங்க” என்றான் இருதயராஜ். “உப்புன்னு நீங்க சொன்னதுமே தெரிஞ்சிபோச்சு. வாரம் வாரம் கூடவே நின்னவன்தானே நான்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன? ஏன் வாயத் தொறக்கல?”

“ஏன் இப்படி ஆச்சுன்னு என்னை நீங்க கேக்கலீங்களே. மரக்காணம் போனியான்னுதான் கேட்டீங்க.”

விழுப்புரம் பஸ் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. தாண்டவராயன் அவன் தூக்கைப் பிடித்துக்கொண்டார். அவன் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“எந்த வண்டிய வேணா ஓட்டிப்பேன் மொதலாளி. பக்கத்துல உங்களை உக்கார வெச்சிக்கினு இனிமே ஓட்ட முடியாதுங்க.”

பஸ் நின்றது, அவன் படியில் கால் வைத்து ஏறிக்கொண்டான், பஸ் போய்விட்டது.

நொண்டிக்கொண்டே வந்தவரிடம் வெங்கடாசலம், பலமாக அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். தாண்டவராயன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை, கேட்ட கேள்வி மட்டும்தான் இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஜீப்பு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள் விட வேண்டும். அவர் சாவியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனார். அந்தப் படி துருவே இல்லாமல் கெட்டியாக இருந்தது, ஒருவன் தினமும் ஏறி இறங்கிய இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதில் கால் வைத்து ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியை எங்கே போடுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.