குளிர் வேண்டிய கிழங்குகள்

கைரியாவின் படுக்கையறைக் கூஜாவில் தண்ணீர் முதன்முதலாக உறைந்தது 1932ஆம் ஆண்டு, சித்திரை வெயிலில் அக்குறணைக் கடைத்தெருவின் தார் இளகிக் கிடந்த வாரத்தில். முன்புறம் புருஷனின் கடையில் ஆட்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்ட கிழங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழங்குகள் ஹேவாஹெட்டப் பக்கமிருந்து வந்தவை. முந்திய வருஷம் தேயிலை விலை விழுந்து துரைமார் சிலர் சீமைக்குக் கப்பலேறியபோது, ஒரு பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டார்கள். கைரியாவின் புருஷன் ஹபீல், பலசரக்குக் கடைக்காரர், அங்கே ஓர் அலுமாரியும் இரண்டு கதிரைகளும் எடுத்தார். கூடவே துரைசானி ஒரு பெட்டி நிறையக் கிழங்கும் சும்மா கொடுத்தாள். சீமைக் காடுகளில் மரநிழலில் பூக்கும் நீலப்பூவின் கிழங்கு. பார்வைக்குச் சின்ன வெங்காயமேதான். ஹபீல் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"வருஷக்கணக்கா நட்டுப் பாத்திச்சாம், ஒரு பூ இல்லயாம். பனிக்குளிர் வேணுமாம். தின்னா நஞ்சாம். இதக் கட்டிக்கொண்டு அழுதிருக்கு அந்தத் தொரசானி!"

கைரியாவும் சிரித்தாள்.

பிறகு வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஹபீல் பெட்டியை வெங்காய மூட்டைக்குள் கவிழ்த்துக் கலந்து, மற்றச் சாமான்களோடு அதே ஹேவாஹெட்டத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கொண்டுபோய் விற்றார். கொழுந்து பறிக்கும் வடிவம்மா அதில் குழம்பு வைத்து மகளுக்கு ஊட்டிவிட்டு மலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை தன் வாந்தியிலேயே கிடந்து செத்திருந்தது. வடிவம்மா விதவை, மறுமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை இடைஞ்சல் என்று அவளே சட்டியில் எதையோ போட்டாள் என்று லயத்தில் பேசினார்கள். அவள் அடுப்பில் நெருப்பு எடுக்கக்கூட யாரும் வரவில்லை.

அவள் மிச்சக் கிழங்குகளை மடியில் கட்டிக்கொண்டு அக்குறணைக்கு வந்தாள். கடை வாசலில் ஒன்றை அறுத்துக் காட்டினாள். மூக்குச்சளி மாதிரிக் கொழகொழவென்று நூல் இழுத்தது.

"பாருங்க மொதலாளி. வெங்காயத்துல இப்புடி வருமா? எம்புள்ளய நானே கொன்னேன்னு சொல்றாங்க."

ஹபீல் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது எங்கட கடைச் சாமான் இல்ல. போய் ஒன்ட சட்டியக் கழுவு."

நின்றவர்கள் சிரித்தார்கள். வடிவம்மா கிழங்குகளை அவர் காலடியில் கொட்டிவிட்டுப் போனாள்.

திரைக்குப் பின்னால் கைரியா எல்லாவற்றையும் கேட்டாள். அன்று பகல் ஹபீல் வழக்கம்போலச் சாப்பிட்டார். சோற்றைப் பிசைந்து உருட்டி, விரல் விரலாக நக்கி, ஏப்பம் விட்டு, இன்னும் கொஞ்சம் வெங்காயச் சம்பல் கேட்டார். அந்த விரல்களில் அதே நூல் இழுபடுவதாகக் கண்ட கைரியா எழுந்து போய்ச் சத்தியெடுத்தாள். தான் சிரித்த சிரிப்பும் நாக்கில் கசந்தது. அன்றைக்கே அவள் கைகால் சில்லிட்டது. பிறகு கட்டில், பிறகு சுவர். அறை முழுக்கக் குளிர் பிடித்தபின் வாசலில் கிடந்த கிழங்குகளைப் பொறுக்கி வந்து நட்டாள். கிழங்காக இருக்கும்வரை தான் விற்றது வெங்காயம்தான் என்று அவர் சாதிப்பார். பூத்துவிட்டால் சாதிக்க முடியாது.

லெப்பை வந்து ஓதிப் பார்த்து, பல் கிட்டித்து, சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டு போனார். ஹபீல் கெஞ்சினார்.

"என்னோட என்ன கோவம் புள்ள?"

"கோவம் இல்ல. ஒங்களப் பாக்க அருவருப்பா ஈக்கி."

அவர் தகரத்தைத் தூக்கி எறியப் போனார். உறைபனியில் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் தோல் உரிந்து தகரத்திலேயே தங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பூக்கள் விரிந்தன, தலை குனிந்த நீல மணிகளாக. கைரியா முக்காடிட்டு, தகரத்தை மடியில் வைத்து, பஸ் மாறிப் போய் ஹேவாஹெட்டத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் இறங்கினாள். எல்லாரும் பார்க்க ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். மேலே பூ, கீழே கிழங்கு.

"இத வித்தது என்ட புருஷன். நஞ்செண்டு தெரிஞ்சிதான் வித்தார். பூக்கிழங்கெண்டு அவர் செல்லக்குள்ள நானும் சிரிச்சன்."

வடிவம்மா கிட்டே வந்து கைரியாவின் காலில் காறித் துப்பினாள். கைரியா துடைக்கவில்லை. லயத்துப் பெண்கள் அழுதுகொண்டு கையை நீட்டினார்கள். வடிவம்மா அந்தக் கைகளிலிருந்தும் மலத்தைக் கண்டதுபோல விலகி நடந்தாள். அடுத்த மாதம் வேறு தோட்டத்துக்குப் பேர் பதிந்து போய்விட்டாள்.

கோர்ட்டில் கைரியாவே சாட்சி சொன்னாள். ஹபீல் மறியலுக்குப் போய், தண்டனை முடிந்து 1935இல் திரும்பி, கடைப் பலகையில் படுத்துக்கொண்டார். அறையின் குளிர் குறையவில்லை. பெருநாளைக்கு அறுத்த இறைச்சி அங்கே கொக்கியில் தொங்கினால் ஒரு வாரம் நாறாது என்று ஊர் கண்டுகொண்டது. பிறகு மாத்தளை ரோட்டு இறைச்சிக் கடைக்காரர்களும் தொடைகளைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்கள். கைரியா கம்பளியோடு வந்து கதவைத் திறப்பாள். எந்தக் கொக்கி யாருடையது என்று மட்டும் கேட்பாள்.