கம்பியில் ஏறிய அழுகை

வேல்முருகன் மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பையன். நிலத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு நாமக்கல் ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிடார் வாசித்தான். மலைக்காரப் பெண்ணான கோகிலாவைக் கட்டிக்கொண்டு மலைமேல் அவள் ஊரான வாசலூர்பட்டியிலேயே தங்கிவிட்டான். யாரோ கொடுத்த கேசட்டில் ப்ளூஸ் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு சங்கீதம் காதில் ஏறவில்லை.

"அமெரிக்காவுல பருத்திக் காட்டுல ஒழைச்ச கறுப்புச் சனங்க உண்டாக்குனது புள்ள. நோவச் சொல்றதுக்குன்னே இருக்கற பாட்டு" என்பான் மனைவியிடம். கம்பியை விரலால் இழுத்து வளைத்துக் காட்டுவான். சென்னையில் கேசட் கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, விரல் நன்றாக ஓடுகிறது, உயிர்தான் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

அப்படி அவன் சென்னைக்குப் போயிருந்த ஒரு மழைக்காலத்தில், இன்னும் பேச்சு வராத அவர்கள் குழந்தை தாரணிக்குக் காய்ச்சல் கண்டது. சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மலை இறங்குவதற்குள் குழந்தை தோளிலேயே அடங்கிவிட்டது.

வேல்முருகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோகிலா சுவரில் சாய்ந்து, "என் கண்ணே" என்று இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கிடாரை எடுத்து மடியில் வைத்து, சத்தம் எழாமல் கம்பிகளைத் தொட்டான்.

"எழவூட்டுல என்ன வாத்தியம்?" என்று சீறினாள் கோகிலாவின் அம்மா பாவாயி.

கோகிலாதான் தடுத்தாள். "உடும்மா. அவருக்கு வாய்ல அழுவத் தெரியாது."

அடுத்த வருஷம், 2002இல், வேல்முருகனின் ஆல்பம் வந்தது. வீட்டு டேப்ரிக்கார்டர் அவனோடு சென்னையில் இருந்ததால் கோகிலா கேட்கவில்லை. ஊர் ஏரியின் படகுத்துறைக்குப் பக்கத்தில் அவள் அன்னாசி நறுக்கி விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு டூரிஸ்ட் வேனுக்குள்ளிருந்து அது வந்தது.

பாட்டு வரிகள் இல்லை. கிடார் மட்டும். ஒரு சுரத்தில் ஏறி, அங்கேயே நின்று நடுங்கி, உடைவதற்குள் வழுக்கி இறங்கியது. குழந்தை போன அன்று அவள் தொண்டை அடைத்த இடத்தில் அதுவும் அடைத்தது. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் வாங்கியது.

வேனில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னமா இழுக்கறாரு! ரிவைண்ட் பண்ணுங்க, இன்னொரு தடவ கேக்கலாம்."

அது அழகாக இருந்தது. அதைத்தான் கோகிலாவால் தாங்க முடியவில்லை. கத்தியும் கையுமாக, அது நின்றுவிடக் கூடாதே என்று அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பொங்கலுக்கு வேல்முருகன் வந்தான். புதுச் செருப்பு, புதுப் பை. அட்டையில் அவன் படம் இருந்த கேசட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கேட்டுட்டேனுங்க. அது என்ற அழுகை."

"ஆமா. அதனாலதான் புள்ள அத்தன பேரு கேக்கறாங்க. நானா இட்டுக்கட்டியிருந்தா எவன் கேட்டிருப்பான்?"

"அன்னிக்கு எங்கூட அழுதீங்கன்னு நெனச்சேன்."

அவன் தலை குனிந்தான். "அழுதுட்டுத்தான் இருந்தேன். கை அதும்பாட்டுக்குப் புடிச்சுக்கிருச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அதோடு விட்டிருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள். அவன் விடவில்லை.

"அடுத்த கேசட்டுக்கு உன்ற கொரலே வேணுங்கறாங்க கோகிலா. ஸ்டுடியோவுக்கு வந்து ஒரேயொரு தடவ, அதே மாதிரி…"

"அதே மாதிரின்னா, எந்தப் புள்ளயச் சாவக் குடுத்துட்டுங்க?"

அவன் மறுநாள் முதல் பஸ்ஸில் மலை இறங்கிப் போனான். அடுத்த ஆல்பத்தில் சென்னைப் பாடகி ஒருத்தி பாடினாள். அதுவும் நன்றாகப் போனது. பெங்களூரில் மேடை கிடைத்ததாகச் சொல்லியனுப்பினான். அவன் வருவது குறைந்து, பிறகு நின்றது.

குழந்தையின் நினைவு நாள் வந்தபோது கோகிலா பாவாயியோடு ஓடைக்கரைக்குப் போனாள். புதைத்த இடத்தில் பாலை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். நெஞ்சு கனத்து மேலே வந்தது. வாய் திறப்பதற்குள் காதுக்குள் கிடார் தொடங்கிவிட்டது. ஏறியது, நடுங்கியது, இறங்கியது. அது முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்தபோது அழுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அழுதுரு கண்ணு" என்றாள் பாவாயி.

"வரலம்மா."

பாவாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.