சவடாலில் முளைத்த மாடிகள்

கொத்தனாரின் தம்பி சவடால் அடித்த ஒவ்வொரு முறையும் அவன் வீட்டின் மேல் ஓர் அறை முளைத்தது. சவடால் என்றால் வேறொன்றுமில்லை, கை செய்யாததை வாய் செய்துவிட்டதாகச் சொல்வது. "துறைமுகத்துல பாதிய நான்தான் கட்டினேன்" என்று டீக்கடையில் முழங்கிவிட்டு அவன் திரும்புவதற்குள் மேலே ஜன்னலோடு ஓர் அறை தயாராக இருக்கும். "மந்திரிக்கே யோசனை சொல்றவன் நான்" என்றதற்குப் பால்கனி வந்தது. கொத்துக்கரண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பயல்! நகராட்சிக்காரர்கள் வந்து அளந்து, வீட்டு வரியை ஏற்றிவிட்டுப் போனார்கள்.

எதிர்வீடு அண்ணனுடையது. ஊரில் பாதிச் சுவர்கள் அவர் எழுப்பியவை, அவருக்கென்று இருந்ததோ ஒற்றை அறை. வயிறு எரிந்தது. வீடு கிடக்கட்டும், அவர் மனைவி தினமும் வாசலில் நின்று கொழுந்தன் வீட்டையே அண்ணாந்து பார்த்தாளே, அதுதான் அவரைத் தின்றது. நம்மை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா? தம்பி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்கத்தை விட்டு, அவரும் நடுத்தெருவில் நின்று கத்தினார். "நான் எழுப்பின சுவர் எதுவும் இதுவரைக்கும் விரிசல் விட்டதில்ல! வெள்ளத்துல ஊரே முங்கினப்பகூட என் சுவர் அசையல!" தெரு கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு செங்கல்கூட முளைக்கவில்லை. பால்கனியிலிருந்து தம்பி, "அண்ணே, குரலை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றான்.

அவர் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "சவடால் அடிக்கக்கூடத் துப்பில்லாதவன் நான். நீ அவன் வீட்டையே பாத்துக்கிட்டிரு."

"அட போங்க! அந்தச் சுவர்ல ஒண்ணாவது நேரா இருக்கான்னுதான் தினம் பாக்குறேன்" என்றாள் மனைவி. "குழாயடியில இத்தன வருஷமா உங்களப் பத்தித்தான் பீத்திக்கிறேன். உங்கள மாதிரி கொத்தனார் இந்த ஊர்லயே இல்லன்னு தொண்ட வறளச் சொல்லியாச்சு. நம்ம வீட்ல ஒரு அலமாரிகூட முளைக்கலியே, ஏன்னு யோசிச்சீங்களா?"

அவர் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறாமை அன்றோடு ஒழிந்தது என்று நான் சொன்னால் அதுவும் சவடால்தான். பாதி குறைந்தது. சாயங்காலம் தம்பி ஏதோ முழங்க, எதிரே இன்னொரு மாடி எழுந்து நின்றது.

"பாவிப்பய, வெயில மறைச்சிட்டான்" என்று அவள் ஈரத்துணிகளை வேறு கொடிக்கு மாற்றினாள். அவர் போய்ச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.