அம்மணியிடம் ஆறு முறை

கணவர் இறந்த மூன்றாவது வாரம், பேருந்துப் பணிமனையிலிருந்து டைம்கீப்பர் ஒரு துணிப்பையோடு வந்தார். சாரின் மேசை இழுப்பறையில் இருந்தவை என்று சொல்லிப் பையை நீட்டிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரு மூக்குக்கண்ணாடி, சீப்பு, பாதி தீர்ந்த வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை, தடித்த குறிப்பேடு. இருபத்திரண்டு வருட உத்தியோகம் ஒரு துணிப்பைக்குள் அடங்கி, மேலே இடமும் இருந்தது.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பேச்சு தீர்ந்ததும் போனவரிடம் ஏதாவது நல்ல குணம் இருந்ததா என்று தேடுவார்கள். டைம்கீப்பரும் தேடினார். அகப்பட்டது நேரந்தவறாமை.

"சார் அஞ்சுன்னா அஞ்சுதாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். சார் எழுந்திருச்சார்னா நாங்க கடிகாரத்தைத் திருத்தி வெப்போம்."

"அஞ்சா?" என்றாள் லேப் அக்கா.

"அஞ்சுதாங்க."

தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. ஒருவர் பார்த்த முடிவை அவள் மறுபடி பார்த்து, குழாயில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை வெளியே போகும். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு மனிதர் வருடக்கணக்காக ஆறு பத்துக்கு வந்து, "இப்பதான் விட்டானுங்க" என்று செருப்பைக் கழற்றியிருக்கிறார். பணிமனையிலிருந்து வீட்டுக்கு இருபதே நிமிடம். மிச்சம் ஐம்பது நிமிடத்தை அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

டைம்கீப்பர் தெருமுனை திரும்புவதற்குள் குறிப்பேடு திறந்தாகிவிட்டது. துணைக்கென்று வந்து தங்கியிருந்த நாத்தனார் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் அச்சாகியிருந்தன. ஏதோ பல் மருத்துவமனையில் நோயாளிக்குக் குறிப்பெழுதும் தாள்களைச் சேர்த்துத் தைத்தது. பற்களுக்குக் கீழே கணவரின் கையெழுத்து.

'அம்மணி தோளை இறக்கினால் விலகிவிட வேண்டும். ரெண்டு எண்ணி, பிறகு நெருங்கலாம்.'

'கோபம் வந்துவிட்டால் அம்மணி எதிரில் நிற்கக் கூடாது. இடது பக்கமாகவே போக வேண்டும்.'

'இன்று பதினேழு. அவசரப்பட்டது என் தப்பு. நாளைக்குப் பார்க்கலாம்.'

நாத்தனார் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "யாரு அண்ணி இந்த அம்மணி?"

"தெரியல."

"பதினேழுன்னா? வயசா?"

லேப் அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் நாத்தனார் அடுப்படிக்குப் போனாள். போகிற வழியில், எங்க அண்ணனுக்கு அவ்வளவு சாமர்த்தியமெல்லாம் கிடையாது என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே போனாள். தங்கையாக அவளுக்குத் தெரிந்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

எல்லாப் பக்கங்களிலும் தேதி இருந்தது. லேப் அக்கா வேறெதையும் படிக்காமல் ஒரே ஒரு தேதியைத் தேடினாள். தேதிகள் அவளுக்கு மறப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு மாடிப்படியில் வழுக்கி இடது மணிக்கட்டு முறிந்த நாள் அது. கட்டிடத்தில் யாரும் இல்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து, ஐந்து இருபதுக்குக் கணவருக்குப் போன் செய்தாள். இதோ வந்துட்டே இருக்கேன் என்றார். ஆறு ஐந்துக்குத்தான் வந்தார். வண்டி டயர் பஞ்சர் என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நிலையிலும் அவள் அவருக்காக வருத்தப்பட்டு, "ஐயோ, தள்ளிக்கிட்டேவா வந்தீங்க?" என்று கேட்டிருந்தாள். அப்போது அவர் இரண்டு கைகளாலும் அவளுடைய முறிந்த கையைத் தாங்கிப் பிடித்தார். பஞ்சரான வண்டியைத் தள்ளிவந்தவரின் கைகள் சோப்புப் போட்டுக் கழுவினாற்போல் இருந்தன. கண் அதைக் கவனித்தது. மனம்தான், இது லேப் இல்லை, வீடு, என்று சொல்லி அதை மூடி வைத்தது.

அந்தத் தேதியின் பக்கம் கிடைத்தது. 'போன் வந்தது. வருகிறேன் என்றேன். இன்னும் ஒரு தடவை.' அதன் கீழே ஆறு கோடுகள். வேறு ஒன்றும் இல்லை.

ஆக, தான் படியில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் அவர் அம்மணியிடம் இருந்திருக்கிறார். அவருக்காகத் தான் அழுத இந்த மூன்று வாரத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மணி யார் என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும்.

பற்படம் அச்சடித்த தாள் வழிகாட்டியது. பணிமனைக்கும் வீட்டுக்கும் நடுவே, பாதி வழியில் ஒரே ஒரு பல் மருத்துவமனைதான் இருந்தது. மறுநாள் லேப்பில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, ஸ்கூட்டரில் ஐந்தே காலுக்கு அங்கே போய் நின்றாள். காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை ஆறு முதல் ஒன்பது என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினாள்.

திறந்தவர் ஒல்லியாக, நெட்டையாக, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறவராக இருந்தார். பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடக் கதைகளில் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஓணான் என்ற கூட்டாளி இவர்தான். இந்த ஊரிலேயே பல் டாக்டராக இருக்கிறார் என்பதை மட்டும் கணவர் சொன்னதில்லை. அவரும் அவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"வாங்கம்மா," என்றார். தலை ஆடவில்லை.

உடலை எடுத்த நாளில் தெருமுனை வரை வந்ததாகவும், நீங்க யாரு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பியதாகவும் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள், நம்பவில்லை. குறிப்பேட்டை மேசைமேல் வைத்தாள்.

"அம்மணி யாரு டாக்டர்?"

அவர் சிகிச்சை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்கு அழைத்துப் போனார். பல் அச்சுகள் அடுக்கிய அலமாரி, கை கழுவும் தொட்டி, பழைய சோபா ஒன்று, எதிரே டிவி. டிவியின் கீழே கறுப்புப் பெட்டி. அவர் அதை உயிர்ப்பித்தார். திரையில் இடிந்த கோட்டையின் மண்டபம் வந்தது. நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கவசம் பூண்ட ஒருத்தி, தன்னைவிட நீளமான வாளைத் தரையில் ஊன்றியபடி நின்றாள்.

"இவங்கதான். பேரு வாயில நுழையல. அதனால அம்மணி."

வீடியோ கேம்.

லேப் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும். நாற்பத்தெட்டு வயது மனிதர் பொய் சொல்லிவிட்டு வந்து பொம்மைச் சண்டை போட்டார் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது? இதன் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று அறையைச் சுற்றிக் கண்ணால் துழாவினாள். இரண்டு டீக் கோப்பைகள். அலமாரியில் கணவரின் பழைய கைக்குட்டை ஒன்று, துவைத்து மடித்தது. வேறு ஒன்றும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

டாக்டர் விளக்கப் பார்த்தார். ஐந்து பத்துக்கு வருவான், ஆறு மணிக்குக் கிளம்புவான், நாலு வருடமாக இதுதான் என்றார். ஆட்டத்தில் ஆள் செத்தால் கையில் இருக்கும் கன்ட்ரோலரை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும், மாற்றி மாற்றி. ஒவ்வொரு சாவுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு. வீட்டுப் பேச்சு, ஆபீஸ் பேச்சு கிடையாது. அம்மணியை அடைவதற்கே ஒன்றரை வருடம் ஆயிற்று, அம்மணியை இன்றுவரை ஜெயித்ததில்லை.

"நாலு வருஷம் தோக்கறதுக்கா வந்தார்?"

"ஆமாம்மா."

"அதுல என்ன இருக்கு?"

டாக்டர் கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அவன் காலையில போட்ட டியூட்டி பட்டியல் மத்தியானம் வரைக்கும் தாங்காது. ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மச்சான் கல்யாணம். என் வேலையும் அப்படித்தான், நான் அடைச்ச பல்லுலயே கல்லைக் கடிச்சுட்டு வந்து என்னைக் கேப்பாங்க. நாள் பூரா அடுத்தவங்க தப்புக்குப் பதில் சொல்றோம். இதுல செத்தா, என் தப்பு. எங்க தப்புன்னும் தெரியும். நாளைக்குத் திருத்திக்கலாம். எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் அது கிடைக்கல."

நல்ல பேச்சுதான். ஒத்திகை பார்த்த பேச்சாகவும் இருந்தது. லேப் அக்கா குறிப்பேட்டில் அந்தத் தேதியைத் திறந்து நீட்டினாள்.

"இந்த நாள்?"

டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தான் ஊரில் இல்லை என்று நினைப்பதாகச் சொன்னார். தலை வேகமாக ஆடியது.

அவள் முந்தைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பிறகு அதற்கும் முந்தையதை. எல்லாப் பக்கத்திலும் நடுவே ஒரு கோடு, இரண்டு பத்திகள். ஒரு பத்தியில் எட்டுக் கோடு என்றால் மறு பத்தியிலும் எட்டு, அல்லது ஏழு. அந்தத் தேதியில், போன் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. போனுக்குப் பிறகு ஒரே பத்தியில் ஆறு. மறு பத்தி காலி.

"ஊர்ல இல்லாதவர் ரெண்டு தடவை ஆடியிருக்கீங்க. அப்புறம் ஏன் ஆடல?"

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "கிளம்புடான்னேன். கையிலருந்து பிடுங்கக்கூடப் பார்த்தேன். அன்னிக்கு அம்மணிக்கு உயிர் நூல் அளவுதாம்மா பாக்கி இருந்துச்சு. இதோ, இதோன்னான். நான் அதுக்கப்புறம் கையில தொடல." கண்ணாடியைக் கழற்றி, "உங்களுக்கு அடிபட்டதுன்னு அவன் அப்ப சொல்லல. மறுநாள் போன்லதான் சொன்னான். சொல்லிட்டு வெச்சுட்டான்," என்றார்.

அதற்குப் பின் நாற்பது நாள் குறிப்பேட்டில் எழுத்து இல்லை. அவளும் அதைப் பார்த்திருந்தாள். மாவுக்கட்டுப் பிரித்ததற்கு மறுநாள் மறுபடி தொடங்கியிருந்தது.

"வந்து என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என் முறையா உன் முறையான்னு கேட்டான்."

லேப் அக்கா டிவியைப் பார்த்தாள். அம்மணி வாளை ஊன்றி நின்றுகொண்டே இருந்தாள். ஒரு குழாய் ரத்தத்தில் சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. தன் மணிக்கட்டைவிடப் பெரிதாக இதில் என்ன இருந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

"அதைக் குடுங்க. எப்படின்னு காட்டுங்க."

நகர இது, அடிக்க இது, விலக இது என்று காட்டினார். நடுவில் நிறுத்தி வைக்க எது என்று கேட்டாள். நிறுத்தி வைக்கிற வசதியே இதில் கிடையாது என்றார்.

முதல் முறை நான்கு நொடியில் செத்தாள். இரண்டாம் முறை மூன்று. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு மண்டபத்து வாசலுக்கு வெளியே மறுபடி எழுந்து நடக்க வேண்டியிருந்தது. இது என்ன கொடுமை என்று எரிச்சலாக வந்தது. ஏமாற்றுகிறார்கள், ஜெயிக்க முடியாதபடிதான் செய்திருப்பார்கள் என்றாள். ஆறு மணிக்கு வாசலில் நோயாளிகள் இருமும் சத்தம் கேட்டதும், டாக்டர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

ஐந்தாவது முறையில் அவள் அதைப் பார்த்தாள். வாள் உயர்வதற்கு முன்பு அம்மணியின் இடது தோள் லேசாக இறங்கியது. கணவர் எழுதி வைத்ததுதான். விலகினாள். ரெண்டு எண்ணினாள். நெருங்கி அடித்தாள். திரையின் கீழே நீண்ட சிவப்புக் கோட்டில் ஓர் அரிசியளவு குறைந்தது. செத்தாள். ஏன் செத்தாள் என்று தெரிந்தது. பேராசைப்பட்டு இன்னொரு அடி அடிக்கப் போனதுதான். அடுத்த முறை அடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நேரம் உயிரோடு இருந்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தலைக்குள் யாரும் பேசவில்லை. பக்கத்து அறையில் பல் துளைக்கும் எந்திரம் கிர்ரென்று ஓடியது, அதுகூட எங்கேயோ தொலைவில் கேட்டது.

ஆறு பத்துக்குப் போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, சாவியை உள்ளயே விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன். கை ரெண்டும் பை. படியில உட்கார்ந்திருக்கேன், முட்டி வேற பிடிச்சுக்கிச்சு. எங்க இருக்கீங்க?"

அம்மணியின் கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மிச்சமிருந்தது. இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"வந்துட்டே இருக்கேன்," என்றாள்.

தோள் இறங்கியது. விலகினாள்.

வீட்டு வாசலில் அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஏழு மணி. நாத்தனார் மூன்றாவது படியில் சுவரில் சாய்ந்து, பைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இருந்தது, கேள்வியும் இருந்தது.

லேப் அக்கா உண்மையைத்தான் சொல்ல நினைத்தாள். வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வண்டி பஞ்சர்," என்றாள்.

நாத்தனாரின் முகம் உடனே இளகிவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, தள்ளிக்கிட்டேவா வந்தீங்க?"

சாவிக்காகக் கையை நீட்டினாள். லேப் அக்கா கைப்பைக்குள் துழாவினாள். சாவி கைக்கு உடனே கிடைத்துவிட்டது. ஆனாலும் அழுக்குப்படாத கையை வெளியே எடுக்காமல், பைக்குள்ளேயே துழாவிக்கொண்டு நின்றாள்.