மாதிரிச் சிப்பாய்

படைகளுக்குப் பொருள் வாங்கி அனுப்பும் எங்கள் அரசு அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி உண்டு. ஒரு பூட்ஸ், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு கோவேறு கழுதை, ஒரு சிப்பாய். எல்லாம் அரக்கு முத்திரையோடு கண்ணாடி அலமாரிகளில் இருக்கும்.

அலுவலகத்தின் வரலாற்றை எழுத என்னை நியமித்தார்கள். எதிலும் மூக்கை நுழைப்பது என் சுபாவம், அதனால் வேலை பிடித்திருந்தது. ஆனால் நான் சேர்ந்தது அதற்காக இல்லை. என் தம்பி கிருபாகரன் பனிமலையில் காவல் இருக்கிறான். அங்கே போர்வை போவதே இல்லை.

மாதிரிச் சிப்பாயின் பெயர் சௌரிமுத்து. அலுவலகம் தொடங்கிய அன்றே அலமாரிக்குள் போனவர். அவருக்குத் தொப்பை விழுந்த ஆண்டு படை முழுவதற்கும் கால்சட்டை பெரிதானது. அவருக்குப் பல்வலி வந்தபோது எல்லைகளில் கஞ்சி ஊற்றினார்கள். வரலாறு என்பது இவ்வளவுதான். போர்வை ஏன் இல்லை என்று கண்காணிப்பாளர் பங்கஜவல்லியிடம் கேட்டேன்.

“அவருக்குக் குளிரலையே சார்.”

வெளியே கத்திரி வெயில். சௌரிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. பங்கஜவல்லி சொன்னது நியாயமாகவே இருந்தது. அப்படியானால் சௌரிமுத்துவுக்குக் குளிர வேண்டும்.

ஐஸ் கட்டி வாங்கி வந்து சௌரிமுத்துவின் காலடியில் வைத்தேன். சுகமாக இருக்கிறது என்றார். கழுதையும் கொஞ்சம் நக்கியது.

பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னேன். தேநீர் குடிப்பதற்குள் குவளையில் உறைந்துவிடுவதை, மரத்துப்போன கைகளை ஒருவர் மற்றவர் அக்குளில் வைத்துக்கொள்வதை. சௌரிமுத்து கவனமாகக் கேட்டார். முதலில் அவர் விரல்கள் நடுங்கின. பிறகு பற்கள் அடித்துக்கொண்டன.

பங்கஜவல்லி ஓடிவந்து பார்த்தார். படை முழுவதற்கும் போர்வை அனுப்ப உத்தரவானது. விதிப்படி முதல் போர்வை மாதிரிக்கு. போர்த்தினார்கள். நடுக்கம் நின்றது.

“குளிர் விட்டுடுச்சு. இனி தேவையில்ல,” என்று உத்தரவை ரத்து செய்தார் பங்கஜவல்லி. அவர்மேல் தப்பில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சௌரிமுத்து என் தம்பிக்கு என்ன வயது என்று விசாரித்தார். சொன்னேன். போர்வையை உருவி, மடித்து, என் கையில் கொடுத்தார். நடுக்கம் திரும்பியது. உத்தரவும் திரும்பியது.

“லாரி போய்ச் சேர நாளாகுமா?”

“ஆகும், ஐயா.”

“அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க.”

அலமாரியை உள்ளே தாழிட்டுக்கொண்டார். முற்றத்தில் முதல் லாரி கிளம்பியது. வெயில் மண்டையைப் பிளந்தது. சௌரிமுத்துவின் மீசையில் பனி படியத் தொடங்கியிருந்தது.