தகப்பனின் சம்மதம்

மாலா மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். அவள் இறந்த பிறகு போகலாம் என்று முடிவு செய்தேன்.

போக வேண்டிய இடம் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாலாவின் அக்கா வசந்தா அங்கேதான் இருக்கிறார். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் மாலாவுக்கும், அவள் வழியாக எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. வீட்டில் எனக்கு மட்டும் கிடையாது. நான் தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். அங்கே வந்து தட்டு கழுவ மாட்டேன் என்பதுதான் மூன்று முறையும் என் பதில்.

2007 டிசம்பரில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பூர்ணிமாவுக்கு எட்டு வயது, நிலவனுக்கு ஐந்து.

ஏப்ரலில் வசந்தாக்காவுக்கு போன் செய்தேன். பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளி பாருங்கள், செப்டம்பரில் சேர்க்கலாம், நானும் வருகிறேன் என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. அழுகிறார் என்று நினைத்தேன்.

"பாக்கறேன் தம்பி," என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். பார்க்கிறேன் என்றார். அங்கே பள்ளியில் இடம் வேண்டுமென்றால் முதலில் நகராட்சியில் பதிய வேண்டும். முகவரியை வாங்கி நானே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். பிறப்புச் சான்றிதழ்களின் நகலையும் வைத்தேன். மே கடைசியில் தடித்த உறை ஒன்று நேராக என் வீட்டுக்கு வந்தது.

எனக்குப் பிரெஞ்சு படிக்க வராது. அது மாலாவின் இலாகா. காகிதத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டுவாள், நான் அங்கே கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருடம் இப்படித்தான். 'நம்ம கன்சலேட் வீட்டுலயே இருக்குது' என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பேன்.

உறையைக் கோவிந்தசாமியிடம் எடுத்துப் போனேன். பிரெஞ்சில் டைப் அடித்துக் கொடுப்பவர். கன்சலேட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா.

"ரெண்டு பேருக்கும் இடம் இருக்குதுன்னு போட்டிருக்கான். சந்தோசம். புது ஃபாரம் ஒண்ணு வெச்சிருக்கான். மத்ததெல்லாம் பழைய ஃபைல்லயே இருக்குதாம்."

"எந்தப் பழைய ஃபைல்?"

அடுத்த தாள்களைப் புரட்டினார். பழைய ஃபைலின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"போன அக்டோபர்ல குடுத்தது. ஜனவரிலேர்ந்து சேக்கணும்னு. கேட்டவங்க தாயார்." நிறுத்தினார். "இது நம்ம மிஷின்ல அடிச்சதுங்க. எழுத்து மேல போடற கோடு தள்ளி விழுந்திருக்கு பாருங்க. ஸ்கூட்டில வருவாங்களே, அவங்களா உங்க வீட்டுக்காரம்மா?"

"படிங்க."

"வுடுங்க தம்பி. போனவங்க..."

"படிங்க முசியே."

தமிழில் சொல்லிக்கொண்டே போனார். என் கணவரும் நானும் இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை. அவர் இந்தியாவிலேயே இருப்பார். பிள்ளைகள் என்னோடு என் அக்கா வீட்டில் வசிப்பார்கள். கடைசித் தாள் தகப்பனின் சம்மதம். அன்பழகன் ஆகிய நான் இதற்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். கீழே தமிழில் என் கையெழுத்து.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நண்டுக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க என்றாள். தாள் நனைந்துவிடும் என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். நான் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

தெருமுனை பூத்திலிருந்து வசந்தாக்காவைக் கூப்பிட்டேன்.

"ஃபைல் வந்திருக்குதுக்கா. அக்டோபர் ஃபைல்."

அவர் எந்த ஃபைல் என்று கேட்கவில்லை.

"கருமாதி வரைக்கும் இங்கதான இருந்தீங்க? என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டீங்களேக்கா."

"சாவு வீட்ல வந்து இதைச் சொல்லச் சொல்றீங்களா? அவ மூணு வாட்டி கேட்டாளாமே. நீங்க என்னா சொன்னீங்க?"

"தட்டு கழுவ மாட்டேன்னேன்."

"நான் இங்க இருபது வருசமா என்னா கழுவறேன்னு நினைச்சீங்க?" என்று கேட்டார். பிறகு, "பசங்களை அனுப்பிடுங்க தம்பி. நான் பாத்துக்கறேன். நீங்க எதுக்கு இங்க வந்து கஷ்டப்படணும்?" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

யாரும் போக வேண்டாம், ஃபாரத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நிலவன் தூங்கிக்கொண்டிருந்தான். பூர்ணிமா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, பெரியம்மா ஊர்ல ஒரு ஸ்கூல் இருக்குது."

"பச்சை கேட் போட்டதா?"

டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"அம்மா போட்டோ காட்டுச்சு. அப்பாகிட்ட சொல்லாதன்னு சொல்லிச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் சொல்லவே இல்லப்பா. நிலவன் உளறிடுவான்னு அவன்கிட்டகூட சொல்லல."

அவள் முகத்தில் பெருமை இருந்தது. எட்டு மாதம் காப்பாற்றியிருக்கிறாள்.

"சமத்து," என்றேன்.

"நீயும் வரியாப்பா? அம்மா நீ வரமாட்டேன்னு சொல்லிச்சே."

கிழித்தால் பிள்ளைகளின் பள்ளி போகும். அவர்களை மட்டும் அனுப்பினால் மாலா எழுதியது அப்படியே நடக்கும். அவர் இந்தியாவிலேயே இருப்பார். அவள் செத்தும் நடக்கும்.

"வரேன்."

"அப்ப அம்மா சொன்னது பொய்யா?"

ஆமாம் என்று சொல்லலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது.

"இல்ல. அப்ப நான் வர்றதா இல்ல," என்றேன்.

அவள் மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் முசியே ஃபாரத்தை டைப் அடித்து முடித்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு என் பக்கம் தள்ளினார். அதை அழிக்கச் சொன்னேன்.

"முதல் வரிலேர்ந்து படிங்க."

"நாலு பக்கம் தம்பி."

"படிங்க."

படித்தார். பிள்ளைகள் யாரோடு வசிப்பார்கள் என்ற இடத்தில் தகப்பன் என்று அடித்திருந்தார். அந்தச் சொல்லின் மேல் கோடு தள்ளித்தான் விழுந்திருந்தது. எங்கே என்று விரலால் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.